நேர்ச்சைக் கடா

உச்சி வெயிலில் பனையடியில் கிடந்தேன்.
குலைகுலையாய் நுங்கு விழுந்த வைகாசியில்
எல்லாக் குலையும் மணலில் விழுந்தது,
ஒன்றைத் தவிர.

மேலே போனால்
இடுப்பில் சாவிக்கொத்தோடு ராயப்பர்
கால் நீட்டி வலை பொத்திக்கொண்டிருந்தார்.
மேலெல்லாம் இன்னும் சாளை வாடை.
"கயித்தானா? வா. மூத்தவ என்ன படிக்கிறா?"
"நாலாங் கிளாஸ்."
"நிறுத்தி ரெண்டு வருசமாச்சு.
கடைசிப் பிள்ளை பேரு?"
"சின்னவ."
"அது அளவு. பேரச் சொல்லு."
யோசிக்க வானத்தைப் பார்க்கலாமென்றால்
அதில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"திருவிழா வரைக்கும் திரும்பிப் போ" என்றார்.
சேவலாக அனுப்பட்டுமா
என்றது எடுபிடிச் சம்மனசு ஒன்று.
அவர் முகம் கறுத்துவிட்டது.
"சேவல் பேச்சை இங்க எடுக்காத."

கண்ணைத் திறந்தால் நாலு கால்.
கழுத்துக் கயிற்றின் மறுமுனையில்
கித்தேரி, என் வீட்டுக்காரி.
"எம் மனுசன் குடிய விட்டா
சந்தியாகப்பருக்கு ஒரு கடா"
என்று நேர்ந்திருந்தாளாம்.
விட்டுவிட்டேனே.
கடன் சொல்லி வாங்கி வருகிறாள், என்னைத்தான்.

கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் கட்டினார்கள்.
தங்கச்சிமடத்தில் என் வீட்டை
அங்கிருந்துதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.
தனுஷ்கோடி மெயில் ஊதும்போது அடுப்பு பற்றும்.
அந்நேரம் நான் வழக்கமாக
யாரோ ஒருவன் கையிலிருக்கும் இஸ்பேட் ராணியைத்
தேடிக்கொண்டிருப்பேன்.
பிரகாசி கருவாட்டுக் கொட்டகையிலிருந்து வருவாள்,
விரல் வெடிப்பெல்லாம் உப்பு.
இன்னாசிக்குத் தண்ணீர் பயம்.
கடலுக்கு முதுகைக் காட்டியே உட்காருவான்,
வள்ளக்காரன் மகன்.
சின்னவள்
என் முன்னால் மட்டும் இடது கையால் எழுதுவாள்.
பள்ளிக்கூடத்தில் அந்தக் கைக்கு அடி விழும்.
வந்த அன்றைக்கே எனக்குப் பெயர் வைத்துவிட்டாள்:
கலெக்டர்.
ஏழு வருடமாக எனக்கு நேரமில்லாத வேலை அது.

ஒரு நாள் வட்டி இருளப்பன் வந்தான்.
புரோநோட்டை விரித்துக் காட்டினான்.
"இருநூத்தம்பது. உன் புருசன் கையெழுத்து.
வள்ளத்த இழுத்துட்டுப் போறேன்."
தாளுக்கும் எனக்கும் ஒன்றரை முழம்.
கயிறோ ஒரு முழம்.
மீதி அரை முழத்துக்கு
ஆயுளில் முதல் தடவையாக
கழுத்து புடைக்க முயற்சி செய்தேன்.

ரெவின்யூ ஸ்டாம்பு கொஞ்சம் இனித்தது.
என் கையெழுத்து கசந்தது.
அதையும் மென்றேன்.
இருளப்பன் என் வாய்க்குள் கைவிட்டான், கடித்தேன்.
குடையால் அடித்தான், விழுங்கினேன்.
கித்தேரி வாசலில் நின்று சொன்னாள்:
"இந்த வீட்டுல ஆம்பளையா ஒண்ணு
தின்னு பிரயோசனமானது இதான்."

திருவிழா வந்தது.
மாலை போட்டார்கள்; பாதியைத் தின்றுவிட்டேன்.
உபதேசியார் கத்தியைச் சாணையில் வைத்தபோது
பழைய வழக்கப்படி தும்மினேன்.
மூன்று தும்மல், கடைசியில் ஒரு முனகல்.
பதினாறு வருடம்
பக்கத்துப் பாயில் கேட்டவள் திரும்பினாள்.
என்னையே பார்த்தாள்.
முந்தானையைச் சொருகினாள்.

"உபதேசியாரே, இந்த நேர்ச்சை செல்லாது."
"ஏன்த்தா?"
"குடிய விட்டாத்தான கடா?
அவரு எங்க விட்டாரு?
செத்ததுல விடுபட்டுப் போச்சு.
அது வேற கணக்கு."
உபதேசியார் கத்தியோடு யோசித்தார்.
சந்தியாகப்பர் குதிரை மேலிருந்து
ஒன்றும் சொல்லவில்லை.
"வெறுங்கையாப் போகமாட்டேன்" என்று
ஒரு சேவலை அறுக்கக் கொடுத்தாள்.

மேலே அதைக் கேட்டு
ராயப்பர் மனம் குளிர்ந்திருக்க வேண்டும்.
திருவிழா முடிந்தும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது பெயர் தெரியும்.
நேற்று சாயங்காலம் வள்ளத்து நிழலில்
இடது கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
சலேத்மேரி என்று முழுசாகக் கூப்பிட
தாடி நடுங்க வாயைத் திறந்தேன்.
வந்தது
மே மட்டும்.

"ம்?" என்றாள்,
தலையை நிமிர்த்தாமல்.